ஒரு தோசைக்குள் இத்தனை சங்கதியா! திருக்கோஷ்டியூர்ப் பக்கம் போனால் தெரியும்

மாவை மெல்லிசாக வட்டம் இழுத்து, கல்லில் சுட்டு, அந்த ஊரில் விளைந்ததை நடுவில் வைத்து மடித்துக் கையில் கொடுப்பதுதான் பிரெஞ்சுக்காரர்களின் கிரேப் கடை. புதுச்சேரி கஃபேக்களில் அதைச் சாப்பிட்டுவிட்டு வந்து, "எல்லாமே உள்ளூர்ப் பொருளாம்!" என்று நாம் வியக்கிறோம். தாராளமாக வியக்கலாம். ஆனால் இதே காரியம் சங்க காலத்து மதுரைத் தெருவிலேயே நடந்திருக்கிறது, தெரியுமா?

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் இரவு நேரத்து நகரம் வருகிறது. கடைத்தெரு ஓய்கிற நேரம். பலகாரம் விற்கும் கூவியர் பகலெல்லாம் அடுப்பில் வெந்த அசதியில் அங்கேயே கண்ணயர்கிறார்கள். அவர்கள் விற்ற பண்டங்களைப் புலவர் பட்டியல் போடுகிறார். பூரணம் வைத்துப் பிடித்த மோதகம் இருக்கிறது. கூடவே மெல்லடையும் இருக்கிறது! அந்த மெல்லடை எப்படி இருந்ததாம்? தேனடையைப் போல வரி வரியாக, கண் கண்ணாக இருந்ததாம்! இன்றைக்கும் நல்ல மாவு சூடான கல்லில் விழுந்ததும் மேலெல்லாம் சின்னச் சின்னக் கண்கள் திறக்கின்றனவே, அந்தக் காட்சியைத்தான் மருதனாரும் பார்த்திருக்கிறார் என்று என் மனசு அடித்துச் சொல்கிறது.

அந்த மதுரையிலிருந்து அறுபது, எழுபது கிலோமீட்டர் தூரத்தில்தான் திருக்கோஷ்டியூர். சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூருக்குப் பக்கம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெரியாழ்வார், திருமங்கையாழ்வார், திருமழிசையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் என ஐந்து ஆழ்வார்கள் பாடிய தலம். இவ்வளவு பெருமை உள்ள ஊர், ஆனால் அளவில் சின்ன ஊர். சௌமிய நாராயணப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் பசியோடு வெளியே வருகிறவருக்கு இந்தச் சாலையில் கிடைப்பவை ஓலைக் கீற்றோ தகரமோ போட்ட டிபன் கடைகள். பெஞ்சு, வாழை இலை, எவர்சில்வர் தூக்குகளில் சட்னி, சாம்பார். பலகையில் 'உள்ளூர்ப் பொருள்' என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் இலையில் விழுகிற ஒரு தோசையைப் பிரித்துப் பார்த்தால் சீமையே அதற்குள் இருக்கிறது! வாருங்கள், பிரித்துப் பார்ப்போம்.

கல்லில் தண்ணீர் ஏன் தெளிக்கிறார்கள், தெரியுமா?

"அக்கா, ஒரு முறுகல்!"

"இருங்கண்ணே, கல்லு இன்னும் அடங்கல."

கல் காயவில்லை என்று அந்த அக்கா சொல்லவில்லை, கவனித்தீர்களா? அடங்கவில்லை என்கிறார். கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு கை தண்ணீரை அள்ளி வீசுகிறார். துளிகள் சட்டென்று ஆவியாகவில்லை. உருண்டை உருண்டையாகத் திரண்டு கல்லின் மேல் குடுகுடுவென ஓடுகின்றன. இதற்கு அறிவியலில் ஒரு பெயரே உண்டு! ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட் 1756-ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார். இரும்பு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, துளியின் அடிப்பகுதி நொடியில் ஆவியாகி ஒரு மெத்தை போடுகிறது. துளி கல்லைத் தொடாமல் அந்த ஆவி மெத்தையின் மேல் மிதந்து ஓடுகிறது. அந்தச் சூட்டில் மாவை ஊற்றினால் பட்ட இடத்திலேயே வெந்துவிடும். இழுக்கப் போனால் கரண்டியோடு சுருண்டு வரும். அதனால் தண்ணீரை வீசி, துணியால் ஒற்றி, சூட்டை இறக்குகிறார்கள். மறுபடி ஒரு கை தண்ணீர். இப்போது 'சொய்ங்' என்ற சத்தத்தோடு துளி அங்கேயே காய்ந்து போனால் கல் அடங்கிவிட்டது. தெர்மாமீட்டர் இல்லாமல் ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்தப் பரிசோதனை நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்!

பிறகு பாதியாக நறுக்கிய வெங்காயம் வருகிறது. எண்ணெயில் தொட்டுக் கல் முழுவதும் ஒரு தேய்ப்பு. எண்ணெய் கண்ணுக்கே தெரியாத படலமாகப் படிகிறது. பழகிய இரும்புக் கல்லில் பல வருஷத்து எண்ணெய் இப்படிச் சூட்டில் இறுகி, இறுகிக் கறுப்புப் பூச்சாகவே மாறியிருக்கும். பழகிய கல்லைக் கடைக்காரர்கள் விலைக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள், சும்மா இல்லை!

பிரான்ஸின் பிரிட்டனிப் பக்கத்திலும் அப்படியே வட்டமான வார்ப்பிரும்புக் கல்தான். பில்லிக் என்று பெயர். அகலம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். நம் ஊரில் கரண்டியின் அடிப்புறம் செய்கிற வேலையை அங்கே ரோஸெல் என்ற மரக்கட்டை செய்கிறது. அதையும் வட்டமாகத்தான் சுழற்றுகிறார்கள்!

மண் சரியில்லாத சீமையில்தான் மெல்லிய பலகாரம் பிறந்தது, தெரியுமா?

என்னை உலுக்கிப்போட்ட விஷயம் இதுதான். பிரிட்டனியில் உப்புக் கிரேப்பை, அதாவது கலெத்தை, பக்வீட் என்ற தானியத்தில் செய்கிறார்கள். பெயரில் வீட் இருந்தாலும் அது கோதுமையே இல்லை, புல் இனம்கூட இல்லை! புளிப்புத் தண்டுக்காகவே வளர்க்கும் ரூபார்ப் செடிக்கு உறவு. பிரிட்டனியின் சத்துக் குறைந்த அமில மண்ணில் கோதுமை திணறியது. இந்தச் செடியோ சுமார் நூறே நாளில் விளைந்து கொடுத்தது. ரொட்டியாக உப்பிவர அதில் குளூட்டன் கிடையாது. அப்புறம் என்ன செய்வது? கரைத்துக் கல்லில் ஊற்றினார்கள். உலகமே கொண்டாடும் பலகாரம் பிறந்துவிட்டது!

எத்தியோப்பியாவுக்குப் போங்கள். அங்கே டெஃப். தானியங்களிலேயே மிகச் சின்னது என்று பெயர் வாங்கிய விதை. மாவைச் சில நாள் புளிக்கவிட்டு, பெரிய வட்டக் கல்லில் ஊற்றினால் இஞ்செரா. மேலெல்லாம் கண் கண்ணாகத் திறந்திருக்கும். நம் கல்தோசையை அப்படியே பெரிதாக்கியது மாதிரி!

இனி நம் ஊர். சிவகங்கைச் சீமை செம்மண்ணும் சரளையுமான மண். வற்றாத ஆறு இல்லை. பெய்த மழையைக் கண்மாயிலும் ஊருணியிலும் பிடித்து வைத்து ஒரு போகம் நெல் எடுக்கிற பூமி. மழை பொய்த்தால் வரகும் கேழ்வரகும்தான் கை கொடுக்கும். அந்த வரகிலும் தோசை, அந்தக் கேழ்வரகிலும் தோசை! கல்லில் எது விழுகிறது என்று பார்த்தாலே அந்த மண்ணில் எது விளையும் என்று சொல்லிவிடலாம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்து ஓட்டல்களில் சிறுதானியத் தோசைக்குத் தனி மெனு கார்டு வந்தது. இந்தப் பக்கத்துக் கிழவிகளிடம் அந்த மெனு எப்போதுமே இருந்தது!

ராத்திரியெல்லாம் மாவுக்குள் யார் வேலை செய்கிறார்கள், தெரியுமா?

லூக்கோனாஸ்டாக் மெசன்டராய்ட்ஸ். பெயரைப் படிக்கவே மூச்சு வாங்குகிறது இல்லையா? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரி. வெளியே இருந்து யாரும் கொண்டுவந்து போடுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டே வருகிறது. மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலமும் கரியமில வாயுவும் விடுகிறது. அந்த வாயுதான் மாவைப் பொங்க வைக்கிறது, அந்த அமிலம்தான் புளிப்பு. ஆச்சரியம் இதோடு முடியவில்லை. ஜெர்மானியர்களின் புளித்த முட்டைக்கோஸான சார்க்ராட்டையும் கொரியாவின் கிம்ச்சியையும் தொடங்கி வைப்பதும் இதே நுண்ணுயிரிதான்! காரைக்குடி மாவுப் பானையும் பெர்லின் முட்டைக்கோஸ் ஜாடியும் ஒரே குடும்பம்!

அரிசியை மட்டும் அரைத்து வைத்தால் இப்படிப் பொங்குமா? பொங்காது. உளுந்தில் உள்ள ஒரு வகைப் பசையும் புரதமும்தான் வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன. கோதுமைக்குக் குளூட்டன் செய்கிற வேலையை அரிசிக்கு உளுந்து செய்து கொடுக்கிறது. இந்தக் கூட்டணியைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. எனக்கு அது உண்மையாகவே வருத்தம். 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் எழுதிய மானசோல்லாசத்தில் தோசகம் என்ற பலகாரம் வந்துவிடுகிறது. அரசர் ஏட்டில் எழுதுகிற அளவுக்கு அன்றைக்கே அது பழகிப் போயிருக்கிறது!

கோபுரம் கட்டி அளக்கும் உளுந்து!

திருக்கோஷ்டியூரை ஒட்டிய செட்டிநாட்டில் வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? கிராம் கணக்கு கிடையாது. ஆழாக்கு நிறையப் பச்சரிசியைத் தலை தட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆழாக்கின் தலையிலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். உளுந்து சரிந்து வழியத் தொடங்குகிற இடம்தான் அளவு! இதைவிடத் துல்லியமான அளவு முறை எனக்குத் தெரியாது. ஆழாக்கு பெரிதானால் கோபுரமும் பெரிதாகும், விகிதம் அநேகமாக அப்படியே நிற்கும்.

இரண்டையும் சேர்த்து ஊறவைத்து நைசாக அரைத்து, உப்பு, ஒரு சிட்டிகைச் சர்க்கரை, கொஞ்சம் பால். புளிக்கவிடுவதே இல்லை. காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் முதலில் உள்ளே போகும், பிறகு மிதந்து மேலே வரும், ஓரமெல்லாம் மெல்லிசாக விரியும். ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற வேண்டும். சிவக்க விடக்கூடாது, வெள்ளையாகவே எடுக்க வேண்டும். பக்கத்தில் வரமிளகாய்ச் சட்னி. இதே மாவைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பொரித்து இனிப்புத் தேங்காய்ப் பாலில் போட்டால் பால் பணியாரம்! ஒரே மாவு, ஒன்று காரத்துக்கு, ஒன்று இனிப்புக்கு.

இந்த அளவை எந்த ஆச்சியிடம் கேட்டாலும் ஆசையாகச் சொல்வார்கள். பின்னே, எந்த ஊர்ப் பக்கம் இது! வைணவ ஆசாரியர் ராமாநுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நடந்து நடந்து திருக்கோஷ்டியூருக்கு வந்தார். குருபரம்பரைக் கதைகள் சொல்கிறபடி, 18-ஆவது முறைதான் இந்த ஊர்க் குருவான திருக்கோஷ்டியூர் நம்பி அவருக்குத் திருமந்திரத்தின் பொருளை உபதேசித்தார். யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையோடு! அவரோ கோயிலின் மேலே ஏறி, ஊர் ஜனங்களைக் கூப்பிட்டு எல்லோருக்கும் அறிவித்துவிட்டார். எனக்கு நரகம் வந்தாலும் இவர்களுக்கு நல்ல கதி கிடைக்கட்டும் என்பது அவர் எண்ணம். மந்திரத்தையே ஊரறியச் சொன்ன இடத்தில் மாவு அளவை யார் மறைக்கப் போகிறார்கள்?

   

கறுப்பு அரிசியும் பர்மாவும்

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் கவுனி அரிசி இல்லாத பந்தி உண்டா? கழுவும் தண்ணீரே ஊதாவாகிவிடும். முதல் நாள் இரவே ஊறவைத்தால்தான் வேகும். வெந்ததும் சர்க்கரை, தேங்காய்ப் பூ, நெய். அந்தக் கறுப்பு நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல் பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் கொடுப்பதும் இதே நிறமிக் குடும்பம்தான். கவுனித் தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயை மசித்து, புளி கரைத்துச் செய்த கோசமல்லி வைத்தால், இலையில் இரண்டு உறவினர்கள் சந்திக்கிறார்கள் என்று அர்த்தம்!

இந்த அரிசி பர்மாவிலிருந்து நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கொண்டுவந்தது என்று செட்டிநாட்டில் சொல்வார்கள். பர்மியர்கள் இன்றைக்கும் கறுப்பு ஒட்டரிசியை வேகவைத்து, தேங்காய்த் துருவல் தூவிக் காலையில் சாப்பிடுகிறார்கள். நம் பந்தியில் உள்ள அதே தேங்காய்!

பர்மாவில் நகரத்தாருக்கும் நெல்லுக்கும் எவ்வளவு நெருக்கம் தெரியுமா? கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1938 வாக்கில் அது 25 சதவீதம்! நிலம் வாங்க வேண்டும் என்று போனவர்கள் இல்லை, வட்டிக்குக் கொடுக்கப் போனவர்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த வயல் கைமாறியது. அது பர்மிய உழவர்கள் கண்ணீரோடு இழந்த வயல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே திரும்பியவர்கள் எத்தனையோ பேர். 1948-இல் பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. வயல் போயிற்று, கணக்குப் புத்தகம் போயிற்று. கவுனி மட்டும் பந்தியில் நிற்கிறது! யாங்கோன் தெருக்களில் இன்றைக்கும் தோசை சுடுகிறார்கள், அங்கே அதற்குப் பெயர் தோஷே.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் சொல்லட்டுமா? இந்தியா இன்று வெளிநாட்டிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பகுதி வருவது எங்கிருந்து? மியான்மரிலிருந்துதான்! நம் மண்ணின் பலகாரம் என்று மார் தட்டிக்கொண்டு சாப்பிடுகிற தோசையில் பர்மா உளுந்தும் கலந்திருக்கலாம். எனக்கு இதில் வருத்தமே இல்லை. கடல் கடந்து போன சீமைக்குக் கடல் கடந்து வருகிற உளுந்து அந்நியமா என்ன?

சைகோனில் முருகன்!

பர்மாவோடு நிற்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வியட்நாமுக்கும் நகரத்தார் போனார்கள். சைகோனில், இன்றைய ஹோ சி மின் நகரில், அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் இருக்கிறது. இன்னொரு தெருவில் தமிழர்களின் மாரியம்மன் கோயில், அங்கே வியட்நாம் மக்களே ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். அதே நகரத்தின் தெருவோரச் சட்டிகளில் என்ன சுடுகிறார்கள் தெரியுமா? பான் சேவ்! அரிசி மாவு, தேங்காய்ப் பால், மஞ்சள் தூள் கரைத்து, சூடான சட்டியில் ஊற்றி, இறாலும் முளைகட்டிய பயறும் வைத்துப் பாதியாக மடிக்கிற மெல்லிய மஞ்சள் வட்டம். கிரேப்பைக் கொண்டுவந்த பிரெஞ்சுக்காரரும், தோசையைக் கொண்டுபோன செட்டியாரும், பான் சேவ் சுட்ட வியட்நாம்காரரும் ஒரே நகரத்தில் இருந்த காலத்தை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது!

மலேசியா, சிங்கப்பூரில் தோசை உள்ளூர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் மாவிலேயே தாளித்துக் கொட்டிச் சுடுவார்கள், வெந்தயமும் மஞ்சளும் சேர்ந்து நிறமே வேறு. பிரான்ஸில் பிப்ரவரி 2-ஆம் தேதி கிரேப்புக்கென்றே ஒரு நாள். ஒரு கையில் காசை வைத்துக்கொண்டு மறு கையால் கிரேப்பைத் தூக்கிப் போட்டுப் பிடித்தால் வருஷம் முழுக்கப் பணம் தங்குமாம்!

மிளகாய் நம் ஊர்க்காரன் இல்லை, தெரியுமா?

சட்னி சிவப்பாக இருக்கிறதே, அந்த மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில்தான் இந்தியக் கரைக்கு வந்தது. உருளைக்கிழங்கும் தக்காளியும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். மசால் தோசையின் வயிற்றில் இருப்பது தென் அமெரிக்க மலைக் கிழங்கு!

வந்த மிளகாயை நம் வறண்ட மண் எப்படி வளைத்துப் போட்டது பாருங்கள். பக்கத்து ராமநாதபுரத்தில் மழையை நம்பி விதைக்கிற மானாவாரி நிலத்தில் முண்டு மிளகாயாக மாறியது. நீளம் இல்லை, உருண்டை. தோல் தடிமன். 2023-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. சிவகங்கை மாவட்டத்து இளையான்குடிப் பக்கமும் மிளகாய் பூமிதான். செட்டிநாட்டு வரமிளகாய்ச் சட்னிக்குத் தனி ருசி எங்கிருந்து வருகிறது என்று இனிமேல் கேட்க வேண்டாம். தோசையைச் சுற்றி விடுகிற நல்லெண்ணெயிலும் ஒரு சங்கதி உண்டு. செக்கில் எள்ளோடு கருப்பட்டியும் போட்டு ஆட்டுவார்கள், அதுதான் எண்ணெய் தெளிந்து பிரியவும் மணக்கவும் கை கொடுக்கிறது.

கோசமல்லியைச் சொன்னேன், மண்டியை விடலாமா? அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்காமல் புளியும் பச்சை மிளகாயும் சேர்த்து, வெண்டைக்காய், பலாக்கொட்டை போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு அது. தண்ணீர் அருமை தெரிந்த சீமையில் கழுவிய தண்ணீருக்கும் ஒரு குழம்பு! சூடான கல்தோசைக்கு அது எப்படி இருக்கும் என்று எழுதிப் புரியவைக்க முடியாது.

மிளகாய் தொடாத தோசை ஒன்று உண்டு!

மிளகாய் வருவதற்கு முன்னால் தோசைக்குக் காரம் எது? பதிலைத் தேடி ஏட்டைப் புரட்ட வேண்டாம், திருக்கோஷ்டியூரிலிருந்து மதுரைச் சாலையைப் பிடித்து அழகர்கோவிலுக்குப் போனால் போதும். பெரியாழ்வார் பாடிய அதே திருமாலிருஞ்சோலை. பெருமாள் கோயில்களில் பலகாரப் பிரசாதம் புதிதல்ல. காஞ்சிபுரம் வரதராஜருக்கு மூங்கில் குடலையில் வேகும் இட்லி, ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும். ஆம், மெல்லிய கோதுமை ரொட்டி, அதுவும் ஸ்ரீரங்கத்தில்! அழகருக்கோ தோசை. பச்சரிசி, தோல் நீக்காத கறுப்பு உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய். பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். மிளகாய் எங்கே? இல்லவே இல்லை! அமெரிக்காவிலிருந்து வந்த காரத்தைக் கோயில் மடைப்பள்ளி தன் தோசைக்குள் சேர்க்கவே இல்லை. நாம் வீட்டில் மாறினோம், கடையில் மாறினோம், மடைப்பள்ளி மட்டும் மாறவில்லை.

என்னை இன்னும் அசத்துவது அதற்கு அரிசி வருகிற வழி. சுற்றுவட்டார விவசாயிகள் அறுவடை முடிந்ததும் நெல்லும் தானியமும் அழகருக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தத் தானியத்தில்தான் தோசை! விதைத்தவரே தன் வயல் அரிசியைப் பெருமாள் கையால் வாங்கிச் சாப்பிடுகிறார். உள்ளூர்ப் பொருளில் சமைக்கிறோம் என்று உலகத்தில் எந்தக் கடை சொன்னாலும், விளைவித்தவரும் சாப்பிடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கிற இந்த ஏற்பாட்டுக்கு முன்னால் ஒரு படி கீழேதான் என்பேன்!

வேண்டுதல் உள்ளவர்கள் மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூர் வாருங்கள். தெப்பக்குளத்துப் படியெல்லாம் விளக்கு. வேண்டிக்கொண்டு ஒரு விளக்கை எடுத்துப் போய், வேண்டுதல் பலித்ததும் திரும்பக் கொண்டுவந்து ஏற்றுவது இந்த ஊர் வழக்கம். அப்படியே திருப்பத்தூர் வழியாகப் பிள்ளையார்பட்டிக்கும் ஒரு நடை போய்விடுங்கள். விநாயகர் சதுர்த்தி அன்று அங்கே 18 படி அரிசியில் ஒரே ஒரு முக்குறுணிக் கொழுக்கட்டை, துணியில் கட்டி மடைப்பள்ளியில் தொங்கவிட்டே வேகவைப்பார்கள்! திரும்புகிற வழியில் அழகர்கோவில். பிரசாதக் கடையில் தோசை என்று கேட்டு வாங்குங்கள். முறுகலை எதிர்பார்க்காதீர்கள், அது தடிமன், ஆறினால் இன்னும் கெட்டி, நெய்யில் வெந்ததால் சில நாள் கெடாமல் இருக்கும். சட்னி தேட வேண்டாம். பிட்டு வாயில் போட்டு நன்றாக மெல்லுங்கள், மிளகு கடிபடும், சுக்கு தொண்டையில் ஏறும்!